கோரலிக்கு ஒரு மேசை

கோலாக்
ஜூன் 3

அன்புள்ள நோலீன்,

கையால் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. போனில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கிறது. பதிலைத் தபால் நிலையத்துக்கே அனுப்பு. பால் வாங்கப் போகும்போது வாங்கிக்கொள்வேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். இரண்டு நாள் அலுவலகம், மூன்று நாள் வீடு என்று இருந்தவரை எப்படியோ சமாளித்தேன். தொலைவில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவை வந்தால் போதும் என்று நீ அறிவித்தாய். அன்றைக்கே என் கணவன் டாரில், "அப்புறம் எதுக்கு வீணா பெட்ரோல்?" என்று என் கார் சாவியை எடுத்து வைத்துக்கொண்டான். எனக்கு மட்டும் ஐந்து நாளும் ஜீலாங் வர அனுமதி தருவாயா? மூலையில் ஒரு மேசை போதும்.

உன்
கோரலி

*

ஜீலாங்
ஜூன் 9

அடி கோரலி,

ஊரே வீட்டிலிருந்து வேலை செய்ய வரம் கேட்கிறது, நீ என்னடி இப்படி?

மேல்மாடியைக் காலி செய்துவிட்டோம். வாடகை பாதியாகிவிட்டது. ஒரு வருடமாக யாரும் வேலையை விட்டுப் போகவில்லை, மருத்துவ விடுப்பும் குறைந்திருக்கிறது. போன வாரம் இயக்குநர்கள் கூட்டத்தில் உன்னைத்தான் உதாரணம் காட்டினேன். வீட்டுக்குப் போனபின் இழப்பீட்டு மனுக்களை எல்லோரையும்விட வேகமாக முடிப்பவள் நீதானே!

இருக்கிற மேசைகளை முன்பதிவு செய்து பகிர்ந்துகொள்கிறோம். பிரட், "நான் இனிமே ஜன்னல் திண்டுலதான் உக்காரணும்" என்று புலம்புகிறான். உனக்கென்று ஒன்று ஒதுக்கினால் ஆளாளுக்குக் கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதே. டாரிலை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
நோலீன்

*

கோலாக்
ஜூன் 17

அன்புள்ள நோலீன்,

கோபம் இல்லை. ஏன் வேகமாக முடிக்கிறேன் தெரியுமா? நான் வேலை செய்யும்வரை டாரில் வாய் திறப்பதில்லை. மடிக்கணினியை மூடினால்தான் ஆரம்பிக்கும். அதனால் மூடுவதே இல்லை.

இப்போது அதுவும் போயிற்று. நாற்காலியை என் அறையிலேயே போட்டுக்கொண்டான். கூட்டங்களை உட்கார்ந்து கேட்கிறான். செவ்வாயன்று பிரட் ஏதோ சொல்ல, எல்லோரோடும் நானும் சிரித்தேன். "அவன்கிட்ட மட்டும் என்னடி இளிப்பு?" என்றான், கூட்டம் முடிந்ததும்.

கேமரா கெட்டுவிட்டது என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? கெடவில்லை. கன்னம் ஆறட்டும் என்றுதான் அணைத்து வைத்திருக்கிறேன்.

தயவுசெய்து நீ இங்கே வராதே. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டிக் கேட்டார். அவர் போனபின் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

உன்
கோரலி

*

ஜீலாங்
ஜூன் 20

திருமதி கோரலி ஹட்சின்ஸ் அவர்களுக்கு,
(வீட்டு முகவரிக்கு)

பொருள்: வீட்டிலிருந்து பணிபுரியும் அனுமதி ரத்து

தங்கள் பணியில் தொடர்ந்து பிழைகள் காணப்படுவதால், ஜூலை முதல் தேதி திங்கட்கிழமை தொடங்கி வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்தில் நேரில் பணிபுரிய வேண்டும். தவறினால் சம்பளம் நிறுத்தப்படும்.

முதல் நாளில் மடிக்கணினியுடன் பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், வங்கி அட்டைகள் ஆகியவற்றின் அசலைச் சரிபார்ப்புக்காகக் கொண்டுவரவும். விதிவிலக்குக் கோரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா.

நோலீன் பார்டன்
கிளை மேலாளர்

*

கோலாக்
ஜூன் 25

என் நோலீன்,

உறையை அவன்தான் பிரித்தான். இரண்டு தடவை படித்தான். "பெரிய கெட்டிக்காரின்னு நெனச்சிருந்தாங்களே, இப்ப வெளுத்துப்போச்சா?" என்று ஒரே சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவமானத்தால் என்று நினைத்திருப்பான். உன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சம்பளம் நின்றுவிடும் என்றதும் கொஞ்சம் யோசித்தான். பிறகு பாஸ்போர்ட்டையும் மற்றவற்றையும் அலமாரியிலிருந்து அவனே எடுத்துக் கொடுத்தான். ஐந்து வருடம் கழித்து என் பாஸ்போர்ட்டைத் தொட்டேன்.

ஆனால் சாவி தரவில்லை. தானே ஓட்டிவருவானாம். சாயங்காலம்வரை அலுவலக வாசலிலேயே வண்டியில் காத்திருப்பானாம். தினமும்.

நம் கட்டடத்துப் பின்கதவு மீன்கடைச் சந்தில் திறக்கும், இல்லையா? திங்கட்கிழமை அதைப் பூட்ட வேண்டாம் என்று சொல். அந்தச் சந்தில் யாராவது வண்டியோடு நிற்கட்டும்.

கோரலி