பெரியப்பா போட்ட திருநீறு

பெருமாட்டி
3.2.2025

அன்பு மகள் பிரதீபாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். மாசி பன்னிரண்டில் உன் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வந்து காலில் விழுந்து எழுந்தால் போதும். அப்பா போன பிறகு நமக்குச் சோறு போட்டவர். சின்ன வயதில் நீ பயந்து அலறும்போதெல்லாம் அவர்தானே திருநீறு போட்டுக் கயிறு கட்டினார்? மூணாறில் லிப்டைப் பார்த்தாலே உனக்கு வியர்க்கிறது என்று அவரிடம் சொன்னேன். "அம்மிணிய வரச் சொல்லு, இன்னொருக்கா மந்திரிச்சு உட்டறலாம்" என்றார். புதுச்சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா மருதாத்தாள்

மூணாறு
9.2.2025

அம்மாவுக்கு,

வரமாட்டேன். சேலையை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு எதனால் பயம் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. எட்டு வயதில் மடையைத் திறந்து விளையாடினேன் என்று என்னைத் தோப்பு மோட்டார் ரூமில் போட்டுப் பூட்டியது பெரியப்பாதான். அதன்பின் மூன்று வருஷம், கோபம் வந்தபோதெல்லாம். வெளியே வந்து நடுங்கினால் நீங்கள் அவரையே கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்வீர்கள். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்தீர்கள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "வெளிய சொன்னீன்னா உங்கொம்மாளையும் போட்டுப் பூட்டிருவேன்" என்று காதில் சொல்வார்.

அடிமாலியில் புஷ்பமேரி என்றொரு மனநலக் கவுன்சிலரிடம் வாராவாரம் போகிறேன். கண்ணை மூடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். அதைப் போனில் பதிந்து தினமும் கேட்க வேண்டும். முதல் வாரம் வாந்தி எடுத்தேன். அப்புறம் நான் வேலை பார்க்கும் ஓட்டலின் லிப்ட். பயம் தானாக இறங்கும்வரை உள்ளேயே நிற்க வேண்டும், ஓடிவரக் கூடாது. நூற்றுக்குத் தொண்ணூறு இருந்த பயம் இப்போது முப்பது. கயிற்றை நானே அறுத்துப் போட்டேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. பைத்தியத்துக்கு வைத்தியம் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும்.

உங்கள்மேலும் கோபம்தான். நான் சொல்வதை நம்புகிறீர்களா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பிரதீபா

கொழிஞ்சாம்பாறை
26.2.2025

அன்பு அம்மிணிக்கு,

நம்புகிறேன். நீ அலறிய நாளிலெல்லாம் உன் பாவாடையில் மோட்டார் கிரீஸ் வாடை அடிக்கும். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை. சோறு போடுகிறவரைப் பகைத்துக்கொண்டு எங்கே போவது? உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

முந்தாநாள் கல்யாணத்துக்குப் போனேன். எல்லோரும் வரிசையாக விழுந்து கும்பிட்டார்கள். என் முறை வந்தது. நான் குனியவில்லை.

"ஏனுங்க, எம்புள்ளைய எதுக்குங்க மோட்டார் ரூம்புல போட்டுப் பூட்டுனீங்க?"

மேளக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். "அவளுக்குப் புத்தி செரியில்ல, நீயுமா?" என்றார் உன் பெரியப்பா.

"அவளுக்கு நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் இத்தன வருசம் செரியில்லாம இருந்துட்டனுங்க."

இனி ஊட்டுப்படி மிதிக்காதே என்றார். மிதிக்க மாட்டேன். இங்கே என் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக்காரியையும் அந்தப் புஷ்பமேரியம்மா பார்ப்பாரா?

அம்மா

மூணாறு
3.3.2025

அம்மாவுக்கு,

பார்ப்பார். அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். என் கோபம் தீரவில்லை. வந்தால் திட்டுவேன், நீங்கள் அழாமல் கேட்க வேண்டும். புதன்கிழமையே வாங்க.

பிரதீபா