அடுப்பை அப்பா பற்றவைக்கட்டும்

சென்னை,
12.10.2006

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழில் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் இருமல் குறைந்ததா?

நேற்று தெருவில் யாரோ விட்ட ராக்கெட் விடுதி மாடிக்கு வந்து, கொடியில் காய்ந்த என் துப்பட்டாவில் பற்றிக்கொண்டது. எனக்கு ஒன்றுமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் அணைத்துவிட்டேன். "சிவகாசிப் பொண்ணு, நீயே இப்படி நடுங்குறியே?" என்று அறைத்தோழி சிரித்தாள்.

எனக்கு உங்கள் நினைப்புதான், அம்மா. நான் அங்கிருந்தவரை, நீங்கள் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வருமுன் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்துவிடுவேன். நீங்கள் குளித்து, மருந்துத்தூள் படிந்த சேலையை மாற்றிவிட்டுத்தான் அடுப்படிக்கு வருவீர்கள். ஆடியில் நான் வந்தபோது அதே சேலையோடு தீக்குச்சி உரசினீர்கள். கேட்டதற்கு, "பசிச்சுக் கெடக்கையில குளியல் எதுக்குடி?" என்றீர்கள். இப்போது சீசன் அலுப்பு வேறு.

இனி அப்பா அடுப்பைப் பற்றவைக்கட்டும். "ஆம்பள அடுப்பூதுறதா?" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை. போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அப்பா, இதை அம்மாவுக்கு நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். அடுப்பு விஷயத்தை விழுங்கிவிடாமல் சத்தமாக வாசியுங்கள்.

எழில்