வலது பை

1998 ஜூன் 4, வியாழன்

காலையிலிருந்து மழை. மூன்று மணிக்கு விட்டது. நெடுமங்காடு பஸ், பிறகு ரப்பர் தோட்டத்துக்குள் ஒன்றரை கிலோமீட்டர் நடை. அட்டை ஒன்று கணுக்காலில்.

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் யாரும் இல்லை, தங்கையா அண்ணாச்சி மட்டும். குறிக்குத் தட்டு எறியும் மெஷின், தோட்டா அறைச் சாவி, துப்பாக்கி அலமாரி எல்லாம் அவர் பொறுப்பு. தென்காசிக்காரர். ஆட்கள் முன்னால் நான் 'மேடம்'. ஆள் இல்லையென்றால் 'தாயி'.

வலது தோள் தொட முடியவில்லை. கத்திரிக்காய் நிறம், ஓரத்தில் மஞ்சள். ஞாயிறு நூறு தோட்டா சுட்டதன் பலன். நான் துப்பாக்கியைத் தூக்கிய விதத்திலேயே அண்ணாச்சி கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னைக்கு அந்த இருபது போரை எடுங்க தாயி. அது கொஞ்சமாத்தான் உதைக்கும்."

கிளப் செயலாளரின் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழகிய துப்பாக்கி அது. ஒல்லிக் குழல், ஒல்லித் தோட்டா; மற்ற எல்லோரும் சுடுவது பன்னிரண்டு போர், அது தடிமன். ஆண்கள் வைத்த பெயர் பாப்பாத் துப்பாக்கி. 14-ஆம் தேதி மாநில அணித் தேர்வு, பெண்களுக்கு ஒரே இடம், இப்போதைக்கு அது எனக்கு. நான் இதைத் தொட்டேன் என்று தெரிந்தால் கிண்டல் தாங்காது.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி."

"நான் ஏன் சொல்லுதேன்." நோட்டில்கூட எழுதவில்லை.

தோட்டா 25 வாங்கினேன். 22 சுட்டேன். மறுபடி மழை.

துடைப்பு: பனியன் துணி, தையல் மெஷின் எண்ணெய், கம்பி. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி விட்டால் துரு. கடைசியில் குழலை ஜன்னல் பக்கம் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். வெளிச்சம் வட்டமாக, முழுசாக வர வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த நிமிடம் அதுதான். சுடுவதைவிட. பொய். சுடுவதுதான் பிடிக்கும். தட்டு உடைந்து கறுப்புத் தூளாகும்போது நாக்கில் ஒரு ருசி. ஞாயிறன்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முகம் வைத்தேன். நான் பாடம் எடுக்கும் டுட்டோரியலில், மாடிப்படியில் என் கையை முறுக்கினவன் முகத்துக்கு மட்டும் ஒன்பது. ஒன்பதும் உடைந்தன. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

வாங்க வேண்டியது: சோப்பு, அப்பாவுக்கு நாட்டு மருந்து (பழவங்காடி), நூலகப் புத்தகம் புதுப்பிக்க.

ஜூன் 5, வெள்ளி

டுட்டோரியல். மாடிப்படிக்காரன் எதிரில் வந்தான். "ஷூட்டர் அல்லே" என்று இளித்தான். மனசுக்குள் குழலைத் திறந்து மூடினேன்.

தோளுக்குத் தவிட்டு ஒத்தடம்.

ஜூன் 6, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எட்டுப் பேர் வந்திருந்தோம். வினோத் சேட்டன் எனக்குப் பக்கத்து இடம் (இனி வி.). பல் டாக்டர். வாய் ஓயாது. என்னைவிட நன்றாகச் சுடுவார், அதைச் சொல்லியும் காட்டுவார். அவருடையது வெளிநாட்டுத் துப்பாக்கி, குழல்கள் ஒன்றின் மேல் ஒன்று.

கடைசிச் சுற்று. அவர் தோட்டா தீர்ந்தது. "எடோ, ரெண்டெண்ணம் தா." நான் வலது பையில் கைவிட்டுக் கொடுத்தேன். பேசிக்கொண்டே போட்டு மூடி, தட்டை எறியச் சொல்லிக் கத்தினார். "புல்!" தட்டு பறந்தது.

டக்.

அவ்வளவுதான். தட்டு தரையில் விழுந்து உருண்டது.

பலகையில் எழுதி வைத்திருக்கிறது, மூன்று மொழியில்: வெடிக்காவிட்டால் குழலை எதிர்ப் பக்கமே வைத்துப் பத்து எண்ணு, திற, குழல் வழியே வெளிச்சம் பார். வி. எண்ணினார். திறந்தார். மேல் குழலில் தோட்டா. கீழ்க் குழலில் ஒன்றும் இல்லை.

நான் சிரித்தேன். "ஒண்ணைப் போடவே மறந்துட்டீங்களா சேட்டா? பல்லு பிடுங்கறப்பவும் இப்படித்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும். "போடீ" என்றார். கை நீட்டினார். இன்னொன்று கொடுத்தேன். வெளிச்சம் பார்க்கவில்லை. போட்டார், மூடினார், "புல்!"

சத்தம் வேறு. வழக்கமான சத்தம் முன்னால் போகும். இது பக்கவாட்டில் வந்தது. என் கன்னத்தில் சூடாக ஏதோ. முதலில் நினைத்தது மழை என்று.

குழல் வாழைப்பூ மாதிரி விரிந்திருந்தது. அவர் இடது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் இல்லை. பக்கத்து விரல் தோலில் தொங்கியது. எலும்பு வெள்ளை, பல் வெள்ளை. கத்தவில்லை. "ஐயோ, நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் உண்டு" என்றார். அப்புறம்தான் கத்தினார்.

முதலில் ஓடி வந்தது தங்கையா அண்ணாச்சி. தன் சட்டையைக் கிழித்து மணிக்கட்டில் கட்டினார். விரலைத் தேடினார். புல்லுக்குள் முட்டி போட்டு, அதட்டிக்கொண்டே: "எல்லாரும் மிதிக்காதீங்க! நில்லுங்கவே!" கிடைத்தது. ஐஸ் இல்லை. சர்பத் குப்பி வைக்கிற வாளியில் கொஞ்சம் இருந்தது.

கன்னத்தைக் கழுவினேன். என் ரத்தம் இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

ஒட்டவில்லை. கட்டைவிரல் போனது, பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குட்டி அடுத்து நின்னதல்லே, தெய்வம் காத்து" என்றாள். வி. மயக்க மருந்தில், நடுவில் ஒரு தரம் விழித்தார். நேற்று கடைசிச் சுற்று எதுவும் ஞாபகம் இல்லையாம்.

கீழ்க் குழலுக்குள் நசுங்கிய இன்னொரு தோட்டாவின் பித்தளை அடி. இருபது போர். போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. இருபது, பன்னிரண்டின் குழலில் தங்காமல் வழுக்கி உள்ளே போய் நின்றுவிடும். கண்ணுக்குக் குழல் காலியாகத் தெரியும். பின்னால் பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிகுண்டு. மற்ற இடங்களில் இருபது எப்போதும் மஞ்சள். இந்த வருஷம் எங்களுக்கு வந்த சரக்கு இரண்டும் சிவப்பு. கட்டைவிரல் கனம், சுண்டுவிரல் கனம், அதுதான் வித்தியாசம்.

மதியம் ஜாக்கெட்டை ஊற வைக்க எடுத்தேன், ரத்தக் கறைக்கு. இடது பையில் சுட்ட கூடுகள். வலது பையின் அடியில், தையலோரம், இரண்டு சிவப்பு. ஒல்லி.

வியாழக்கிழமை மிச்சம் மூன்று.

வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து பார்த்தார். சொன்னேன். கதவைச் சாத்தினார். பிறகு: "நீ ஒண்ணும் பேசாண்டாம். ஆரு கேட்டாலும் அறியாதுன்னு சொல்லு." தோட்டாக்களை வாங்கக் கை நீட்டினார். கொடுக்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

தங்கையா அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கிளப் எழுதிக் கொடுத்திருக்கிறது: தோட்டா அறைப் பொறுப்பாளர் பெட்டியைக் கலந்துவிட்டார்.

செயலாளருக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லத்தான். வாய் வேறு எதையோ கேட்டது: தேர்வு 14-ஆம் தேதிதானே சார்?

"அதினெந்தா, உண்டு. நீ பிராக்டீஸ் விடாதே. அந்தப் பாண்டி, தங்கையா, ஒண்ணும் மிண்டுந்நில்ல. ரெண்டு கொடுத்தா கிளி பறையும்போல பறையும்."

மிண்டுந்நில்ல. பேசவில்லை. நான் சொல்லாதீர்கள் என்று சொன்னதால்.

சாப்பிட்டேன். அதுதான் அசிங்கம். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

மழை. டுட்டோரியல். சோகநாடகத்தில் நாயகனின் பிழை பற்றிப் பாடம். ஒரு பெண் கேட்டாள்: "பிழை அவனோடது, சாவது மத்தவங்க, அப்ப எப்படி மிஸ் அது அவனோட டிராஜடி?" பதில் எழுதிப் போட்டேன். போர்டில் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இல்லை.

புத்தகம் புதுப்பிக்கவில்லை.

தோள் ஆறிவிட்டது. ஆறியிருக்கக் கூடாது.

ஜூன் 10, புதன்

அப்பா கடைக்குப் போன பிறகு கிளம்பினேன். கைப்பையில்: இரண்டு இருபது போர், சுட்ட இருபது போர்க் கூடு ஒன்று, இரண்டு பக்கம் எழுதிய வாக்குமூலம்.

ஸ்டேஷன். எஸ்.ஐ. தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுவரோர பெஞ்சில் அண்ணாச்சி. சட்டை இல்லை, பிடித்து வந்த நாளில் கழற்றினதை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, தரையில் பதியாமல் ஓரத்தில் நிறுத்தியிருந்தார். இடது காதிலிருந்து கழுத்துக்கு உலர்ந்த கோடு. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

"மேடம், நீங்க எதுக்கு இங்க?"

நான் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். மலையாளத்தில், நிறுத்தாமல். அவர் நம்பவில்லை. "ஆரு பறஞ்ஞு விட்டு? இவன் நிங்ஙளோட ஆளாணோ?"

வி.யின் துப்பாக்கி சீட்டு கட்டி மேசைக்குப் பின்னால் கிடந்தது. மேல் குழல் முழுசாக இருந்தது. கேட்டேன். என்ன நினைத்தாரோ, கொடுத்தார். சுட்ட கூட்டை, மருந்தில்லாததை, மேல் குழலில் போட்டேன். வழுக்கிப் போனது. டக். காலி மாதிரி.

"பாருங்க சார். இப்ப ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க."

பார்த்தார். இன்னொரு தரம். வெளிச்சம் இல்லை.

"ஆராணு கொடுத்தது?"

"என் கை. ரெண்டு தரம். நடுவுல சிரிச்சேன்."

பெஞ்சிலிருந்து, "விடுங்க தாயி." எல்லார் முன்னாலும் தாயி.

மூன்று மணிநேரம் எழுதினார்கள். என் பேரில் வழக்கு. ஊரை விட்டுப் போகக் கூடாது. கிளப்புக்குத் தகவல். தேர்வு போனது, அதைச் சொன்ன கான்ஸ்டபிள் பெண்ணுக்குத்தான் வருத்தம். எஸ்.ஐ. அண்ணாச்சியிடம், "நினக்கு வாயில்லாயிருந்நோ?" என்றார். பழைய சட்டை ஒன்று தேடிக் கொடுத்தார்கள்.

வெளியே கேட்டேன், "ஏன் அண்ணாச்சி சொல்லலை?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். மூணு நாளாவும்னு நெனைக்கலை."

தென்காசிக்குப் போகிறாராம். இனி ரேஞ்சுக்கு வரமாட்டார். தம்பானூர் பஸ் நிலையம் வரை கூடப் போனேன். பஸ்ஸில் கூட்டம், எனக்கு அவருடைய இடது பக்கம்தான் இடம் கிடைத்தது. நெடுமங்காட்டில் ஆரம்பித்தேன், எல்லாவற்றையும் சொன்னேன், பயந்ததை, இரண்டு தரம் சோறு வாங்கினதை, மன்னிப்பை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

தம்பானூரில் இறங்கும்போது முகத்தைத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார்.

"ஏதும் சொன்னியளா தாயி?"