வாலுவின் பெரியம்மா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ டாக்டராகிவிடுகிறாய், நான் அழுதுவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

வாலுவுக்கு முகம் மறுபடி வீங்கிவிட்டது. லூபஸ் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்டதாம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி அவள் உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்று அன்றைக்குப் படம் போட்டுக் காட்டினாயே, இங்குள்ள டாக்டரும் அதையேதான் வரைந்தார். உன் படமே தேவலை. ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னம் உப்பிப்போய், கண்ணாடி முன்னால் நின்று "அம்மா, நான் பலூனா?" என்கிறாள். எட்டு வயசுக்கு இந்த வாய் யாரிடமிருந்து வந்தது? எல்லாம் உன்னிடமிருந்துதான்.

குடலில் வாழும் நல்ல கிருமிகளைக் கேப்ஸ்யூலில் அடைத்து இதே நோய் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறாயே, பதினைந்து வருஷ உழைப்பு என்பாயே, அதை இவளுக்கும் கொடு. வெளியே மூச்சுவிட மாட்டேன். ஒரு தடவை வந்து அவளைப் பார்த்துவிட்டும் போ.

உன் சின்னவள்


பிப்ரவரி 12

அன்புச் சின்னவளே,

ஆய்வகத்தில் வைத்தே உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

கேப்ஸ்யூல் தர முடியாது. கோபப்படாமல் கேள். வாலுவின் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் உயிருள்ள கிருமிகளை உள்ளே அனுப்பினால், குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடலாம். அதனால் நோய் லேசாக இருக்கும் பிள்ளைகளைத்தான் சோதனையில் சேர்க்கிறோம். அவர்களிலும் பாதிப் பேருக்கு வெறும் மாவு அடைத்த கேப்ஸ்யூல். யாருக்கு எது போகிறது என்று எனக்கே தெரியாது. பலன் இருக்கிறதா என்பதும் இன்னும் தெரியாது. தெரியாத ஒன்றை என் தங்கை மகளுக்கு எப்படிக் கொடுப்பேன், சொல்?

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். உப்பைக் குறை. பலூன் இல்லையாம், நிலாவாம் என்று வாலுவிடம் சொல்.

மாசக் கடைசியில் வருகிறேன்.

உன் அக்கா


மார்ச் 17

அக்கா,

ஏழு கேள்வியையும் கேட்டேன். ஏழுக்கும் பதில் சொன்னார்.

மாசக் கடைசி போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. வாலுவை வார்டில் சேர்த்திருக்கிறோம். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். நேற்று நர்ஸ் ஊசியோடு வந்ததும் கையை இழுத்துக்கொண்டு, "இருங்க, எங்க பெரியம்மா வந்து சொல்லட்டும், அவங்கதான் இதுக்குப் பெரிய டாக்டர்" என்றாள்.

அப்புறம் என்னிடம், "எப்பம்மா வருவாங்க?"

"வேலை முடிஞ்சதும் வந்துருவாங்கடி."

"அங்க என்னை மாதிரி நிறையப் பிள்ளைங்களா?"

"நாற்பது பேரு."

"அப்ப லேட்டாத்தான் ஆகும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கேப்ஸ்யூல் வேண்டாம். நீ வா.

சின்னவள்


மார்ச் 22

அன்புச் சின்னவளே,

எங்கள் சோதனையைப் பரிசீலிக்கும் குழு இந்த வாரம் வருகிறது. அவர்கள் போனதும் வியாழக்கிழமை கட்டாயம் கிளம்பிவிடுவேன். வாலுவிடம் சொல்லி வை.

அக்கா


செப்டம்பர் 5

சின்னவளே,

வாலு போன பிறகு உனக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. நாலுக்கும் பதில் இல்லை. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சோதனை முடிந்துவிட்டது. கேப்ஸ்யூல் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் மாவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பதினைந்து வருஷம். நான் கொடுத்திருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள் என்று சொல்ல முடியாது. அதை எழுதி ஆறுதல் தேடத்தான் உட்கார்ந்தேன். எழுதியதும் வெட்கமாகிவிட்டது.

குழு வந்தது நிஜம். ஆனால் என் உதவியாளரே பார்த்துக்கொள்கிறேன், போய் வாருங்கள் என்றாள். நான்தான் போகவில்லை. வார்டிலிருந்து நீ அனுப்பிய ரத்த அறிக்கையைப் பார்த்த அன்றைக்கே அவள் தேறமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேருடைய பிள்ளைகளின் கட்டில் ஓரம் நின்று பேசியிருக்கிறேன். இவள் "சரி பண்ணுங்க பெரியம்மா" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். வியாழக்கிழமை பெட்டியோடு நிற்கிறேன், புதனன்றே போய்விட்டாள் என்று உன் வீட்டுக்காரர் போன் செய்கிறார். அதற்கப்புறம் வந்து உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொன்று. போன வருஷம் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய வாலுவின் மல மாதிரி எங்கள் உறைபெட்டியில் இருக்கிறது. நோய் முற்றுவதற்கு முன் குடல் கிருமிகள் எப்படி மாறுகின்றன என்று பார்க்க உதவும். தாயின் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம். படிவம் இத்துடன் இருக்கிறது. கேட்கவே கூசுகிறது.

அக்கா


செப்டம்பர் 28

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேறு ஒரு பிள்ளைக்கு உதவட்டும். மருந்து தராததில் எனக்குக் கோபம் இல்லை. முதலில் இருந்தது, பிறகு போய்விட்டது.

இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை காலை வார்டுக்குப் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்தார். வாலுவுக்குக் காய்ச்சலில் நினைவு சரியாக இல்லை. அவர் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, வந்துட்டீங்களா?" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"வந்துட்டேன்டா கண்ணு" என்று கட்டிலிலேயே உட்கார்ந்தார். மற்ற வேலையெல்லாம் விட்டுவிட்டு, கடைசிவரை அவள் கையை விடவில்லை. அவர் யார் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அதனால் வாலுவுக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை. அவள் பெரியம்மா வந்துவிட்டாள்.

எனக்குத்தான் என் அக்கா வரவில்லை. இனிமேல் வரவும் வேண்டாம், கடிதமும் போட வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு.

சின்னவள்