மிஸ்டர் யானின் அட்டை

நவம்பர் 11, இரவு

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இன்று முன்னாள் படைவீரர்களுக்கு விழா. அவர்கள் படங்களுக்குக் கீழே அட்டை எழுதியது நான். மிஸ்டர் யான் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்களோடு பெர்லின் வரை போனவர் என்பதால் ‘ரஷ்யப் படை’ என்று எழுதிவிட்டேன். அவர் அதைக் கிழித்துப் போட்டார். மதியம் சாப்பிடவும் இல்லை.

நர்ஸ் ஸ்டெல்லா ஆன்ட்டி என்னைத் தனியே கூப்பிட்டார். “அவர் போலந்து ஆர்மிடி. ரஷ்யாக்காரன்கூட சேர்ந்து சண்டை போட்டாரு, அவ்ளோதான். அவர் அப்பாவ சைபீரியாவுக்குக் கைதியா அனுப்பினதே அவனுங்கதான். போய் சாரி சொல்லிடு.”

அவர் அறைக் கதவு வரை போனேன். உள்ளிருந்து யாரென்று கேட்டார். திரும்பிவிட்டேன்.

நாளை எட்டு மணிக்கு மகள் வந்து அவரை ஹூஸ்டனில் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறாள். என் ஷிப்ட் ஒன்பதுக்கு. புது அட்டை எழுதிவிட்டேன். ஸ்கூலைப் பாதியில் விட்டதிலிருந்து என் அப்பாவிடம் நான் எதுவும் கேட்டதில்லை. காலையில் ஏழு மணிக்கே காரில் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்க வேண்டும்.