மலைத்தேன் ஒன்றும் செய்யாது என்றோமே

மாப்பிள்ளை,

இன்று காலை பச்சை மிளகு வாசம் என் தலையில் கொட்டியது. கொட்டியவள் என் மனைவி. சேலையை வரிந்து கட்டி, ஒற்றை மூங்கில் ஏணியில் அவள் மேலே. ஏணியைப் பிடித்துக்கொண்டு நான் கீழே. அந்த வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய்.

நம் மலையில், குண்டூர் நாட்டில் நம் இருவர் காடும் பக்கத்துப் பக்கம். மிளகு பறிக்க நீ ஒரு மரம், நான் ஒரு மரம் ஏறுவோம். உச்சியில் இருந்தே வம்புக்கு இழுப்போம். அப்போது சாமைச் சோறும் களியும்தான். சோளக்காட்டுச் சந்தைக்கு மூட்டையோடு நடை. பிறகு வண்டி வாங்கினோம். சந்தைக்கும் வண்டி, கூப்பிடு தூரத்துக் காட்டுக்கும் வண்டி. போன இடத்தில் பரோட்டா, வரும் வழியில் போண்டா.

"பின்சக்கரம் அழுவுது மாப்ள" என்பேன்.

"முன்னால உக்காந்திருக்கற உன்னையப் பாத்துத்தான்டா" என்பாய்.

பேன்ட் பொத்தான் சேராமல் போனதும் இருவரும் வேட்டிக்கு மாறினோம். வேட்டி நல்ல கூட்டாளி. வயிறு எவ்வளவு வளர்ந்தாலும் காட்டிக்கொடுக்காது.

உனக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, எடையைக் குறைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னபோது நாம் என்ன செய்தோம்? டீயில் சீனியை நிறுத்தினோம். பதிலுக்கு மலைத்தேன், கரண்டி கரண்டியாக.

"நம்ம காட்டுத் தேனு நம்மளயே கெடுக்குமாடா?" என்றாய். நானும் தலையாட்டி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

"எந்த மலைத் தேனா இருந்தாலும் சர்க்கரை ஏறுமுங்க அண்ணா" என்று நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார். மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரருக்குத் தேனைப் பற்றி என்ன தெரியும் என்று வெளியே வந்து சிரித்தோம்.

அப்புறம் உன் கால் புண் ஆறவில்லை. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. என்னிடமே "செருப்புக் கடிடா" என்று சொன்னாய். நெஞ்சு வலி வந்த அன்று, மலைப்பாதை வளைவுகள் எல்லாம் இறங்கி அடிவாரத்துக் காரவள்ளி சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது எனக்கும் அதே சர்க்கரை என்று நர்சம்மா சொல்லிவிட்டார். அதே மூச்சிரைப்பும். ஊரிடம் மட்டுமல்ல, வீட்டிலும் மூட்டுப் பிசகு என்றே சொல்லிவைத்திருந்தேன். மாத்திரை வாங்குவதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று அதன் பிறகு ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. உன்னைத் தூக்கிப் போன தோள் இது. அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை.

இன்று வழியில் போன மறுபக்கத்துக் காட்டுக்காரர் வீட்டு மருமகள் நின்று சிரித்தாள். "ஏனுங்க மாமா, அத்தைய மேல ஏத்திவுட்டுட்டு நீங்க காவல் காக்கறீங்களா?"

வாயில் நாலு பதில் இருந்தது. அதற்குள் மேலே மனைவியின் கால் நடுங்கியது. மூங்கில் வழியாக என் கைக்குத் தெரிந்தது.

"ஏற முடியல கண்ணு. உடம்பு பெருத்துப்போச்சு. சர்க்கரை இருக்குது. மூச்சு வாங்குது."

மருமகளின் சிரிப்பு நின்றது. எனக்குக் காது வரை சுட்டது. மேலே மிளகு பறிக்கும் சத்தமும் நின்றது.

"எங்கிட்ட மூட்டுன்னுதானுங்களே சொன்னீங்க?"

அண்ணாந்து பார்க்க முடியவில்லை, மாப்பிள்ளை. உன் மனைவி உன்னை இப்படிக் கேட்க நீ அவளுக்கு நேரமே தரவில்லை. என்னைக் கேட்க ஆள் இருக்கிறது.

நாளை அவளோடு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பேன். வெட்கம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் ஆகாது. அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.