வீட்டுக்காரருக்குப் பிடித்துப்போன அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான் தாங்கவில்லை.

நம் அறை தன் மகளுக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் இன்று காலை அவர் வாயாலேயே சொன்னார். அவர் கொடுத்தபோது சுவரெல்லாம் பூஞ்சை. நான்தான் சுரண்டி வெள்ளையடித்தேன். தெருவில் யாரோ எறிந்திருந்த மரப்பெட்டிகளை அடுக்கி, நீ இங்கே வந்ததும் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார ஒரு மேடை செய்தேன். நேற்று அவர் மகள் அதில் சாய்ந்துகொண்டு, "பொம்மை வீடு மாதிரி இருக்குப்பா!" என்றாள். அவ்வளவுதான்.

"மாடி ரூம் காலியா இருக்கேம்மா, நீ அங்க போயிடு" என்கிறார். அந்தச் செங்குத்துப் படியில் நீ எப்படி ஏறுவாய்?

"போறேன் சார். ஆனா இதை நீங்க கொடுத்த மாதிரியே திருப்பித் தருவேன்" என்றேன்.

"பூஞ்சைக்கு எங்க போவே?" என்று சிரித்தார்.

"அது தானா வரும் சார். உங்க குழாய் ஒழுகறதைத் தினம் துடைக்கிறது நான்தானே!"

சிரிப்பு நின்றுவிட்டது. நீ கவலைப்படாதே. ஜன்னல் திரைக்கு உன் பழைய புடவை இரண்டு அனுப்பு. துவைக்காமலே அனுப்பு, நீ வரும்வரை உன் வாசனையாவது இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர் மனைவியிடம் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை உன் பயணச்சீட்டை ரத்து செய்துவிடாதே.

உன் மகள்